பச்சை குத்திய பின்: புண் காத்த வரலாறு

உடலை அணிசெய்வதற்கு மக்கள் கண்ட வழிகள் பல. சந்தனமும் குங்குமமும் ஒரு நாளில் அழியும். மருதாணிச் சிவப்பு சின்னாளில் மங்கும். பொன்னும் மணியும் கழற்றி வைக்கத்தக்கவை, களவாடவும் தக்கவை. பச்சை ஒன்றே உடலோடு ஒன்றி, உயிருள்ளவரை உடன் வருகின்றது. ‘போகும்போது கூட வருவது இந்தப் பச்சைதான்’ என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டோர் நம்மிடையே இன்னும் உளர்.

பச்சை குத்துதலைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதன் கோலங்களையும், அவற்றின் பின்னுள்ள நம்பிக்கைகளையுமே ஆராய்ந்தனர். குத்திய பின்னர் அந்தப் புண்ணை மக்கள் எவ்வாறு பேணினர் என்பதை விரிவாக ஆராய்ந்தோர் சிலரே. ஆனால், கோலத்தின் அழகும் குத்திக்கொண்டவரின் நலமும் அந்தப் பேணுதலைப் பொறுத்தனவேயாகும். குத்தும் வேலை சில நாழிகையில் முடிந்துவிடும். ஆறும் வேலைக்குச் சில கிழமைகள் வேண்டும். ஆறியபின் அது மங்கும் வேலையோ வாழ்நாள் முழுதும் நடைபெறுகின்றது.

பச்சை என்பது முதலில் ஒரு புண். அதன் பின்னரே ஓர் அணி. இவ்வுண்மையைப் பண்டை மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஆகவே, அப்புண்ணைக் காக்கும் பொறுப்பைக் குத்திக்கொண்டவர் ஒருவரிடமே விட்டுவிடாமல், உறவும் ஊரும் வழக்கமும் கூடிக் காத்தனர். இக்காலத்தில் ஊசி திருந்தியிருக்கின்றது. மருத்துவ அறிவு பெருகியிருக்கின்றது. ஆனால் அந்தக் கூட்டுக் காவல் தளர்ந்துவிட்டது. இக்கருத்தையே வரலாற்றுச் சான்றுகளோடு இங்கே நோக்குவோம்.

தொய்யிலும் பச்சையும்

சங்க நூல்களிற் பயில்வோர் தொய்யில் என்னும் சொல்லை அறிவர். மகளிரின் தோளிலும் மார்பிலும் குழம்பு கொண்டு எழுதப்பெற்ற கோலம் அது. கலித்தொகையுள் அதனைப் பற்றிய குறிப்புகள் உண்டு. தொய்யிலையே பச்சையின் முன்னோடி எனச் சிலர் கொள்வர். அது பொருந்துவதன்று. தொய்யில் எழுதப்படுவது, அழிவது, மீண்டும் எழுதப்படுவது. பச்சையோ குத்தப்படுவது, அழியாதது. தொய்யிலுக்குப் புண் இல்லை; ஆதலால் அதற்குக் காப்பும் வேண்டுவதில்லை. ‘எழுதுதல்’, ‘குத்துதல்’ என்னும் இரண்டு வினைகளே இவ்வேற்றுமையைக் காட்டி நிற்கின்றன.

இனி, ‘பச்சை’ என்னும் பெயரைக் காண்போம். குத்துவதற்குப் பயன்படுவது கரி. அதன் நிறம் கறுப்பு. கறுப்பைக் குத்தி அதனைப் பச்சை என அழைப்பது ஏன்? தோலின் அடியிற் சென்ற கரித்துகளைக் காணும்பொழுது, நாம் அதனைத் தோலாகிய திரையின் ஊடாகவே காண்கின்றோம். வெள்ளொளியிலுள்ள நிறங்களுள் நீலமே தோலில் மிகுதியாகச் சிதறி நம் கண்ணுக்குத் திரும்புகின்றது. அதனால் உள்ளிருக்கும் கறுப்பு, வெளியே நீலம் கலந்த பச்சையாகத் தோன்றுகின்றது. புறங்கை நரம்பு நீலமாகத் தெரிவதற்கும் இதனை ஒத்த காரணமே உண்டு. ஆகவே நம் முன்னோர் வைத்த பெயர், மையின் பெயரன்று. ஆறிமுடிந்த கோலத்தின் பெயர். குத்தும்போது கறுப்பாகத் தோன்றுவது, ஆறிய பின்னரே பச்சையாகின்றது. பெயரிலேயே ஆறுதலின் வரலாறு அடங்கியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

கரி பிறந்த விளக்கு

தமிழ்நாட்டில் பச்சை குத்துவதைத் தொழிலாகக் கொண்டிருந்தோர் பெரும்பாலும் குறவர் குல மகளிர். கூடையும் ஊசியும் கொண்டு ஊர் ஊராகச் சென்று, திண்ணையிலும் மரத்தடியிலும் அமர்ந்து அவர்கள் தம் தொழிலைச் செய்தனர். 1885 முதல் 1908 வரை சென்னை அரசினர் பொருட்காட்சிசாலையின் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டன், அவர்களுடைய முறையைக் கண்டு எழுதினார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் பெருநூலில் அம்முறை இடம்பெற்றுள்ளது.

மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்துத் துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டுவர். எண்ணெய் வார்த்த அகல் விளக்கில் அத்திரியை இட்டுக் கொளுத்துவர். அதன்மேல் புதிய மண்சட்டி ஒன்றைக் கவிழ்ப்பர். சட்டியின் உட்புறத்தில் படிகின்ற கரியைச் சுரண்டி எடுத்து, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பர். அதுவே பச்சை மை. சில ஊசிகளை ஒன்றாகக் கட்டி, அம்மையைத் தொட்டுத் தோலிற் குத்துவர். வலியை மறக்கப் பாட்டும் பாடுவர். குத்தி முடிந்ததும் எண்ணெயும் மஞ்சளும் பூசி, வீக்கமும் எரிச்சலும் தணியச் செய்வர்.

இம்முறையை இன்றைய அறிவு கொண்டு ஆராய்ந்தால், நன்மையும் தீமையும் கலந்திருப்பதைக் காணலாம். மஞ்சளுக்கும் அகத்திக்கும் நம் வைத்தியத்தில் உயர்ந்த இடம் உண்டு. ஆயினும், நெருப்பில் எரிந்தபின் எஞ்சுவது கரியே. மூலிகையின் மருந்துக் குணம் கரியிற் பெரிதும் தங்குவதில்லை. எனினும் அந்நெருப்பு வேறொரு நன்மை செய்தது. சுடரிற் பிறந்து புதிய சட்டியிற் படிந்த கரி, கிருமியற்ற தூய பொருளாக இருந்தது. நுண்மையான துகளாகையால் தோலில் எளிதாகவும் பரவியது.

அத்தூய்மை கெட்ட இடம் எது? கரியைக் குழைத்த நீரும், ஒருவர் தோலிலிருந்து அடுத்தவர் தோலுக்குச் சென்ற ஊசியுமேயாம். குளத்து நீரிலும் குடத்து நீரிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு என்பதை அக்காலத்தில் யாரும் அறியார். குறத்தியர் மட்டுமல்லர், மேனாட்டு அறுவை மருத்துவரும் அறியார். கிருமிகொல்லி மருந்திட்டுப் புண்ணைக் காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் வெளியிட்டது 1867-இல்தான். ஆகவே நம் மகளிரின் தொழிலை இழிவாகப் பேசுதல் தகாது; அதிலுள்ள குறையை மறைத்தலும் தகாது.

காயான் மகளிரின் நான்கு ஆண்டுகள்

நமக்கு அண்மையிலுள்ள சரவாக்கை இனி நோக்குவோம். போர்னியோத் தீவின் ஆற்றங்கரைகளில் வாழும் காயான் இன மகளிர், கைவிரலும் முன்கையும் தொடையும் பாதமும் நிறையப் பச்சை குத்திக்கொள்வது பழைய வழக்கம். மறுமையின் இருளில் அது விளக்காக நின்று வழிகாட்டும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சரவாக்கில் ஆட்சி அலுவலராகப் பணியாற்றிய சார்ல்ஸ் ஹோஸ், வில்லியம் மக்டூகல் என்பாருடன் சேர்ந்து 1912-இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட போர்னியோ மக்களைப் பற்றிய நூலில் இவ்வழக்கம் விரிவாகக் கூறப்படுகின்றது.

அங்கும் மை என்பது கரியே. அதனை நீரிலும் கரும்புச் சாற்றிலும் குழைத்தனர். குத்துவோர் பெண்கள். ஊசி பொருத்திய கோலைத் தோலின்மேல் வைத்து, சிறு தடியால் தட்டிக் குத்தினர். இவற்றினும் நாம் கருதவேண்டுவது, அவர்கள் எடுத்துக்கொண்ட காலமாகும். ஒரு சிறுமிக்கு ஏறத்தாழப் பத்து வயதிலே தொடங்கும் இவ்வேலை, நான்கு ஆண்டுகள் வரையிற்கூட நீண்டது. முதலில் விரலும் பாதமும், பின்னர் முன்கை, அதன் பின்னர் தொடை என்று சிறிது சிறிதாகக் குத்தினர். ஒரு பகுதி ஆறிய பின்னரே மறு பகுதியைத் தொட்டனர்.

அதற்கு மேலும் சில தடைகள் இருந்தன. விதைப்புக் காலத்திற் குத்தலாகாது. வீட்டில் அடக்கம் செய்யப்படாத பிணம் இருக்கையிற் குத்தலாகாது. வெள்ளத்தைக் கனவிற் கண்டால், மிகுந்த குருதி சிந்தும் என்பதற்கு அது அறிகுறி; அப்போதும் வேலையை நிறுத்தவேண்டும். இவற்றை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவற்றின் பயனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். விதைப்புக் காலத்தில் யாவரும் சேற்றிலும் மண்ணிலும் உழைப்பர். புண்ணுக்கு ஓய்வு கிடையாது. பேணுவதற்கு ஆளும் கிடையாது. சாவு நேர்ந்த வீட்டில் கூட்டமும் கலக்கமும் மிகும். இக்காலங்களிற் புண் உண்டாக்காமல் இருப்பது, காரணம் எதுவாயினும், நன்மையே ஆகும்.

ஹோஸும் மக்டூகலும் கண்டது இக்கருத்துக்கு வலிமை தருகின்றது. கிருமி தடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாமையால் குத்திய இடம் பலமுறை புண்ணாகிப் பழுத்ததை அவர்கள் குறித்தனர். ஆயினும், தழும்பினால் உருக்குலைந்த கோலத்தைக் காண்பது மிக அரிது என்றும் வியந்தனர். மருந்து இல்லாதபோதும் கோலம் கெடாமல் நின்றது எவ்வாறு? சிறிது சிறிதாகக் குத்தியதும், ஆறுவதற்குக் காலம் கொடுத்ததுமே அதற்குப் பெருங்காரணம் எனக் கொள்ளலாம்.

பசிபிக் தீவுகளின் காவல்

ஆங்கில மொழியில் பச்சைக்கு வழங்கும் ‘டாட்டூ’ என்னும் சொல், பசிபிக் தீவினரின் ‘டாடாவ்’ என்பதிலிருந்து பிறந்தது. 1769-இல் காப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல் தாகித்தித் தீவில் தங்கியது. அப்பயணத்தின்போது குக்கும், உடன் சென்ற ஜோசப் பாங்க்ஸும் எழுதிய குறிப்புகளின் வழியே அச்சொல் ஐரோப்பாவிற் பரவியது. சொல் பரவியது போலக் கலையும் மாலுமிகளிடையே பரவியது. ஆனால் அக்கலையோடு சேர்ந்திருந்த காவல் முறைகள் கப்பல் ஏறவில்லை.

அம்முறைகள் யாவை? சமோவாத் தீவில் ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்திக்கொள்ளும் பெரிய பச்சையை நோக்குவோம். எலும்பாலோ பன்றிக் கொம்பாலோ செய்த சீப்பு வடிவான கருவியைத் தோலில் வைத்துத் தட்டிக் குத்துவது அங்குள்ள முறை. இருவர் இணையாகச் சேர்ந்து இதற்கு உட்படுவது மரபு. ஒருவர் வலியை மற்றவர் அறிவார். ஒருவர் மனம் தளர்ந்தால் மற்றவர் தேற்றுவார். நாள்தோறும் உப்புநீரிற் கழுவி, உறவினர் புண்ணைத் தடவிப் பிசைந்து, ஊறிய நீரை வெளியேற்றுவர். கோலம் முழுதும் முடிந்த பின்னர் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பூசி ஒரு சடங்கு நடத்துவர். குறவர் குல மகளிர் பூசிய அதே இரு பொருள்கள், கடல் பல கடந்த ஒரு தீவிலும் அதே இடத்தில் வந்து நிற்பதை நோக்குக. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றனர் எனக் கொள்ளவேண்டுவதில்லை; தென்னையும் மஞ்சளும் விளையும் நாடுகளில், புண்பட்ட தோலுக்குக் கையருகே கிடைத்த துணை அவையே.

நியூசிலாந்தின் மவோரி மக்கள் முகத்திலே குத்திக்கொள்வர். எலும்பு உளியால் தோலைச் செதுக்குவர். முகம் வீங்கி வாய் திறக்கவியலாத நிலை உண்டாகும். அப்பொழுது அவர் தம் கையால் உணவைத் தொடலாகாது என்பது விதி. பிறர், மரத்திற் குடைந்து அழகாகச் செதுக்கிய ஒரு புனல் வழியாக அவர் வாயில் உணவைப் புகட்டுவர். கரக்கா என்னும் மரத்தின் இலையைப் புண்ணின்மேல் இட்டு ஆற்றுவர். உணவுபட்ட கை புண்ணைத் தொடாமல் காத்தது அவ்விதி. தனக்கென உணவு ஊட்டுவதற்கு ஒருவர் அருகிலிருக்கவேண்டும் என்பதையும் அவ்விதியே உறுதி செய்தது. நோயுற்றார்க்கு நாம் செய்யும் பணிவிடைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இம்முறைகளும் எல்லாரையும் காத்துவிடவில்லை. மரபுக் கருவியாற் குத்திய புண் பழுத்து உயிருக்கு இடையூறு நேர்ந்ததும் உண்டு. ஆதலின், நியூசிலாந்தின் சுகாதார அமைச்சு 2010-இல் மரபுமுறையிற் பச்சை குத்துவோர்க்கெனத் தனி வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. மரபை அழிக்காமல், அதன் குறையைத் திருத்தும் முயற்சி அது. பழமையை அப்படியே போற்றுவாரும், முழுதும் தள்ளுவாரும் கற்கவேண்டிய பாடம் அதில் உண்டு.

மின்பொறி வந்த பின்

1876-இல் தாமஸ் எடிசன், தாளில் துளையிட்டுப் படியெடுக்கும் மின் எழுதுகோலுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அக்கருத்தை அடியொற்றி, நியூயார்க் நகரில் தொழில் செய்த சாமுவேல் ஓரைலி என்பவர் 1891-இல் பச்சை குத்தும் மின்பொறிக்குப் பட்டயம் பெற்றார். பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடியலாயிற்று. காயான் சிறுமிக்கு நான்கு ஆண்டுகள் கொடுத்த வழக்கம் எங்கே? ஒரே அமர்வில் முதுகு முழுதும் குத்திவிடக்கூடிய விரைவு எங்கே? விரைவு கூடியது, ஆறுவதற்கு உடல் எடுக்கும் காலமோ சிறிதும் குறையவில்லை. அக்காலத்தை எவராலும் விலைக்கு வாங்க இயலாது.

தூய்மைக் குறைவால் துன்பங்களும் நேர்ந்தன. மஞ்சட்காமாலை நோய் பரவுகின்றது என்னும் காரணத்தால், நியூயார்க் நகரம் 1961-இல் பச்சை குத்தும் தொழிலையே தடை செய்தது. அத்தடை 1997-இல்தான் நீங்கியது. இன்று ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியும், கையுறையும், நீராவியாற் கிருமி நீக்கும் கொள்கலமும் நல்ல கடைகளில் வழக்கமாகிவிட்டன.

எனினும், கரியைக் குழைக்கும் நீரைப் பற்றி முன்னர்க் கூறியது இக்காலத்துக்கும் பொருந்தும். 2011-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் என்னும் ஊரில், பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் கொப்புளம் கண்டது. ஆராய்ந்தபோது, நீரிலும் மண்ணிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிர் அதற்குக் காரணம் எனப் புலனாயிற்று. ஊசியும் கையும் தூயவையாக இருந்தும், முன்கூட்டியே கலந்து விற்கப்பட்ட சாம்பல்நிற மையிலேயே அது புகுந்திருந்தது. நூறாண்டுக்கு முன் மரத்தடியில் இருந்த அதே இடர், பளபளக்கும் புட்டியிலும் இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

தோலின் உள்ளே

பச்சை எவ்வாறு நிலைக்கின்றது? நம் தோல் இரு பெரும் அடுக்குகளை உடையது. மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாகின்றது. ஏறத்தாழ ஒரு திங்களில் அது முழுதும் மாறிவிடும். அங்கே தங்கிய மை உதிர்ந்துபோகும். அதன் கீழுள்ள உட்தோலிற் சென்ற மையே நிலைக்கும். மேலோட்டமாகக் குத்தினால் கோலம் மறையும். மிக ஆழமாகக் குத்தினால் மை பரந்து கோடு கலங்கும். ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிய நுட்பம் இது.

உட்தோலில் மை புகுந்ததும், அயற்பொருள் வந்ததென உடல் விழிப்படைகின்றது. கிருமிகளை விழுங்கும் காவல் உயிரணுக்கள் விரைந்து வந்து மைத்துகளை விழுங்குகின்றன. விழுங்கியும் அவற்றாற் கரியைச் செரிக்க இயலாது. அவ்வாறே வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. அவ்வுயிரணுக்கள் இறந்தால் மை என்னாகும் என்னும் வினாவுக்கு, 2018-இல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு விடை தந்தது. காவல் உயிரணு ஒன்று இறக்கும்போது மை வெளிப்படுகின்றது. புதிதாக வந்த மற்றோர் உயிரணு உடனே அதனை விழுங்கிக்கொள்கின்றது. ஒருவர் கைவிட்டதை மற்றவர் ஏந்தும் இக்கைமாற்றம் இடையறாது நடைபெறுகின்றது. நாம் அசையாதது எனக் கருதும் பச்சை, உண்மையில் ஓயாமல் கைமாறிக்கொண்டே இருக்கின்றது.

கரியின் உறுதிக்கு வரலாறும் சான்று பகர்கின்றது. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியிலிருந்து வெளிப்பட்ட ‘ஓட்சி’ என்னும் மனிதனின் உடல் ஏறத்தாழ 5300 ஆண்டுப் பழமையுடையது. அதில் 61 பச்சைக் குறிகள் எண்ணப்பட்டுள்ளன. முதுகின் கீழ்ப்புறத்திலும் முழங்காலிலும் கணுக்காலிலும் பல குறிகள் உள்ளன. அவை நோய்க்குச் செய்த சிகிச்சையாக இருக்கலாம் எனக் கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். இரும்பும் அறியாத காலத்து மனிதர், குத்திய புண்ணை ஆற்றவும் அறிந்திருந்தனர் என்பது மட்டும் தெளிவு. ஆறாத புண்ணில் அத்தகைய கோடுகள் நிலைபெறா.

இன்று காக்கும் முறை

பச்சை குத்திக்கொள்வதா, வேண்டாவா என்பது அவரவர் சமயமும் குடும்பமும் மனமும் முடிவு செய்யவேண்டியது. குத்திக்கொண்டோர் செய்யவேண்டுவனவற்றை மருத்துவ அறிவு தெளிவாகக் கூறுகின்றது.

முதல் சில நாட்களில் குருதியும் நிணநீரும் மையும் கலந்து கசிவது இயற்கை. கையை நன்கு கழுவிய பின்னரே அவ்விடத்தைத் தொடவேண்டும். மணமற்ற மென்மையான சவர்க்காரமும், ஓடும் குழாய் நீரும் கொண்டு மெல்லக் கழுவி, தூய துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கலாகாது. மணம் சேராத களிம்பை மிக மெல்லியதாகப் பூசினால் போதும். தடிப்பாகப் பூசினால் புண் ஊறிக் கெடும். நம் முன்னோர் பூசிய எண்ணெய் தோல் வறண்டு வெடியாமல் காத்தது உண்மையே. ஆயினும் கடையில் வாங்கிய மஞ்சள் தூளைத் திறந்த புண்ணில் தூவுவது நன்றன்று. அதில் தூசியும் கிருமியும் இருக்கக்கூடும்.

அடுத்து, ஏறத்தாழ நான்காம் நாள் முதல் பொருக்கு தோன்றும், தோல் உரியும், அரிப்பும் உண்டாகும். இப்பொழுதுதான் பொறுமை மிகவும் வேண்டும். பொருக்கைப் பிய்த்தால், அதனுடன் மையும் வெளியேறும், கோலத்தில் வெள்ளைத் திட்டு விழும், தழும்பும் ஏற்படலாம். இரண்டு மூன்று கிழமைகளில் மேற்புறம் ஆறிவிடும். உட்புறம் முற்றும் ஆற இரண்டு மூன்று திங்கள் செல்லும்.

மேற்புறம் ஆறும்வரையில் நீச்சற் குளத்திலும், ஆற்றிலும், கடலிலும் இறங்கலாகாது. சமோவா மக்கள் உப்புநீரிற் கழுவினரே என வினவலாம். அவர்கள் வழக்கத்தில் நாம் போற்றத்தக்கது, நாள்தோறும் தவறாமல் கழுவிய ஒழுங்கு. கடல்நீரையே மருந்து எனக் கொள்ளல் தவறு. வெப்பமான கடல்நீரில் கொடிய கிருமிகள் வாழ்வதுண்டு. கல்லீரல் நோயுடைய 31 வயது இளைஞர் ஒருவர், பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தி, அத்தகைய கிருமி தாக்கி உயிரிழந்த செய்தி 2017-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. நம்மைச் சூழ்ந்துள்ள கடலும் வெப்பக் கடலே என்பதை மறவாதிருத்தல் வேண்டும். கல்லீரல் நோய், நீரிழிவு நோய் உடையோர் பச்சை குத்திக்கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்பது கடமை.

சிவப்பு பரவுதல், சூடு, சீழ், தீராத வலி, காய்ச்சல் ஆகியவை தோன்றினால் வீட்டு மருந்தோடு காலம் கடத்தலாகாது. அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். பெற்றோர் அறிந்தால் சினப்பர் என்று அஞ்சி, சட்டைக் கைக்குள் புண்ணை மறைத்துத் துன்புறும் இளைஞரும் உண்டு. மறைக்கப்பட்ட புண்ணே பெரும்பாலும் முற்றுகின்றது. மவோரி மக்களிடம் உணவு ஊட்ட ஓர் ஆள் இருந்தார். சமோவாவில் உடன் குத்திக்கொண்ட தோழன் இருந்தான். நம் ஊரில் எண்ணெய் தடவிவிட அன்னையும் அத்தையும் இருந்தனர். இன்று கடைக்காரர் தரும் ஒரு துண்டுத் தாளே அவர்கள் அனைவர்க்கும் ஈடாக நிற்கின்றது. சினத்தைப் பின்னர் வைத்துக்கொண்டு, புண்ணை முதலிற் பார்ப்பதே பெரியோர்க்கு அழகாகும்.

முதுமையும் பச்சையும்

ஆறிய பச்சைக்கும் காப்பு உண்டு. அதன் முதற் பகை கதிரவன். வெயிலின் புறவூதாக் கதிர் வண்ணங்களைச் சிதைக்கின்றது, தோலையும் தளர்த்துகின்றது. துணியால் மூடுவதும், வெயில் தடுக்கும் களிம்பு பூசுவதும் இதற்கு மாற்று. ஆறாத புதுப் புண்ணுக்கு அக்களிம்பு ஆகாது. துணி நிழலே போதும். இரண்டாம் பகை காலம். முன்னர்க் கூறிய கைமாற்றம் நிகழுந்தோறும், மைத்துகள் சிறிது சிறிதாக இடம் பெயர்கின்றது. ஒரு பகுதி நிணநீர் வழியே சென்று நிணநீர்க் கணுக்களிலும் தங்குகின்றது. அதனால் கூரிய கோடு ஆண்டுகள் செல்லச் செல்லத் தடித்துப் பரவுகின்றது. நெருக்கமான இரு கோடுகள் ஒன்றாகின்றன. குறவர் குல மகளிர் புள்ளிகளை இடைவெளி விட்டுக் குத்திய கோலங்கள், அறுபது ஆண்டுக்குப் பின்னும் கோலமாகவே தெரிவதற்கு அவ்விடைவெளியும் ஒரு காரணமாகும்.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நம் மகளிர் பலர், நகையின்றி வந்தாலும் கையிற் பச்சையோடு வந்தனர். ஊரை விட்டு வந்தபின் அவர்களோடு எஞ்சிய ஊர் அடையாளம் அதுவாகவே இருந்தது. அத்தலைமுறை விரைவாக மறைந்துவருகின்றது. ஒவ்வொரு முதுமகள் மறையும்போதும், ஒரு கோலமும் அதனை ஆற்றிய முறையும் எழுதப்படாமலே மறைகின்றன. தமிழாசிரியர்கள் ஒன்று செய்யலாம். பாட்டிமாரின் கையிலுள்ள கோலத்தை மாணவர் தாளில் வரைந்துகொள்ளட்டும். அது எந்த வயதிற் குத்தப்பட்டது, என்ன மருந்து இட்டனர், எத்தனை நாளில் ஆறியது, உடனிருந்து பார்த்துக்கொண்டவர் யார் என்னும் நான்கு வினாக்களையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

கோலத்தின் பெயர் முதல் மூன்று வினாக்களுள் மறந்துபோயிருக்கலாம். நான்காம் வினாவுக்குரிய விடையை எந்தப் பாட்டியும் மறந்திருக்கமாட்டார். அந்த விடையிலேதான் பச்சையின் முழு வரலாறும் அடங்கியிருக்கின்றது.